வாப்பாவின் பெயர்

தொண்டையை இரண்டு முறை செருமி, துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டுதான் எண்ணை அழுத்துவாள். போனில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று உம்மா கேலி செய்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. வாடகைக்கு வீடு கேட்பது பதினாறு வயதுப் பெண்ணின் வேலையா என்றால், இல்லைதான். ஆனால் தையல்காரரான வாப்பாவுக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் பேச வராது. உம்மா பேசினால் சண்டையில் முடியும். இருக்கிற வீட்டையோ மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

பேச்சில் அவள் கெட்டிக்காரி. "வணக்கம்ங்க, வாசல்ல போர்டு பார்த்தேன்" என்று ஆரம்பித்தால் எதிர்முனை குழைந்துவிடும். தண்ணீர், மாடிப்படி எல்லாம் பேசி முடித்த பிறகு அந்தக் கேள்வி வரும். "அப்பா பேரு என்னம்மா?" சொல்வாள். உடனே பதில் வரும். "அடடா, காலைலதானே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு!"

"நம்ம ராசியே ராசி உம்மா. நாம கேட்டாப் போதும், அவங்க வீட்டுக்கு ஆள் வந்துடுது" என்பாள். உம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிடும். அப்புறம் இவள் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் நிற்பாள்.

"உன்னைப் பார்த்தா அப்படித் தெரியவே இல்லடி" என்று வகுப்புத் தோழிகள் பாராட்டுவார்கள். எப்படித் தெரிய வேண்டும் என்று திருப்பிக் கேட்க நினைப்பாள். இன்றுவரை கேட்டதில்லை.

நேற்று ஒரு அம்மாள் மனம் நிறையப் பேசினார். "உன் குரலைக் கேட்டாலே வீட்டைக் குடுத்துடலாம்போல இருக்கு" என்றார். பிறகு அதே கேள்வி. மாதம் முடிய ஐந்தே நாள். வாயில் வந்த வேறொரு பெயரைச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க" என்றார் அந்த அம்மாள்.

திரும்பினால் வாப்பா. தையல் இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்தியிருந்தார். "நல்ல பேராத்தான்மா வச்சிருக்கே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

இன்று பள்ளி விட்டு வந்ததும், பையைக்கூட இறக்காமல் வாப்பா பக்கத்தில் போய் நின்று அதே எண்ணை அழுத்தினாள். "நேத்து எங்க வாப்பா பேரைப் பொய்யாச் சொல்லிட்டேன்ங்க. மன்னிச்சிடுங்க" என்றாள். உண்மையான பெயரை, அவருடைய தகப்பனார் பெயரையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "வேணாம்மா, வச்சிடு" என்றார் வாப்பா. அவள் ஸ்பீக்கரைப் போட்டு, பாதி தைத்திருந்த துணியின்மேல் போனை வைத்தாள். அதை அணைக்க நீண்ட வாப்பாவின் விரல்களைப் பிடித்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.