காலைத் தியானமும் கண் ஆஸ்பத்திரியும்

கணவர் இறந்த முதல் வருடம் எனக்கு அழுகை வரவில்லை. சமைத்தேன், துணி துவைத்தேன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனேன். விடிந்ததும் தியானப் புத்தகத்தைத் திறந்து அன்றைக்குரிய பக்கத்தை வாசித்தேன். அவர் இருந்தபோது இருவரும் சேர்ந்து வாசிப்போம். இப்போது என் கண்கள் மட்டும் வரிகளின் மேல் ஓடின. மூடிய பிறகு எதைப் பற்றிப் படித்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு வாரம் முழுக்க ஏழைகளைப் பற்றியே பக்கங்கள் வந்தன. ஒரு நாள் கீழே ஒரு கேள்வி இருந்தது. உனக்குப் பெயர் தெரிந்த ஏழை ஒருவர் உண்டா? யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அதற்காக வருத்தமும் வரவில்லை.

சனிக்கிழமைதோறும் சபையின் பீடத்துக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் பூ வாங்குவது என் வேலை. வாசலில் உதிரிப்பூ விற்கும் ஒரு அம்மாவிடம் பல மாதங்களாக வாங்கியிருந்தேன். அந்த வாரம் பெயரைக் கேட்டேன். சொன்னார்.

"பேரைக் கேட்டு என்னம்மா பண்ணப் போறீக?"

"சும்மாதான்" என்றேன்.

அவர் சிரித்தார். பையில் போட்ட பூவில் பாதி அழுகல். எடுத்துக் காட்டினேன். முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தெரியலம்மா. எல்லாம் புகை மாதிரி இருக்கு. கண்ணுல புரையாம். ஆபரேசன் பண்ணணும், செவ்வாக்கெழம கூட ஒரு ஆளக் கூட்டிட்டு வான்னு சொல்லிட்டாக. எனக்கு ஏதும்மா ஆளு?"

"நான் வாரேன்" என்று சொன்னேன்.

இரக்கத்தால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் சொன்ன செவ்வாய்க்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை, அவ்வளவுதான்.

கண் ஆஸ்பத்திரியில் வரிசை படிக்கட்டு வரை நின்றது. எங்கள் முறை வந்தபோது மேசைக்காரர் என்னைப் பார்த்து, "இந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அந்த அம்மா, "கூட வந்தவுக" என்றார். மேசைக்காரர் ஒரு தாளை நீட்டி, உறவு என்ற இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். கடைசியாக ஆஸ்பத்திரித் தாளில் நான் கையெழுத்திட்டது, கணவரின் உடலைப் பெற்றுக்கொள்ளும்போது. பேனா ஒரு கணம் நின்றது. பிறகு போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். காலையிலிருந்து சாப்பிடவில்லை. இட்லி வாங்கி வந்தேன். அவர் விரல்கள் இலையின் ஓரத்தில் தடவிக்கொண்டிருந்தன. கையைப் பிடித்து இட்லியின் மேல் வைத்தேன். சொரசொரப்பான, சூடான கை. விடத் தோன்றவில்லை. அவர் மறு கையால் சாப்பிட்டார்.

மறுநாள் கட்டுப் பிரித்தபோது நானும் இருந்தேன். கண்ணைச் சிமிட்டி என்னையே பார்த்தார்.

"நீங்க இம்புட்டு வயசாளியா? கொரலக் கேட்டுச் சின்னப்பிள்ளைன்னுல்ல நெனச்சேன்!"

நர்ஸ் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தபோது அழுகையும் வந்துவிட்டது. அது நிற்க நேரமாயிற்று. அந்த அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரமே பழைய மரத்துப்போன காலைகள் திரும்பின. ஆனால் இரண்டு மாதம் கழித்து அவர் பேரையூர்ப் பக்கமிருந்து பூ கட்ட வரும் ஒருத்தியை என்னிடம் கூட்டி வந்தார்.

"இவளுக்கும் ஆளு இல்லம்மா."

எந்தக் கிழமை போகவேண்டும் என்று கேட்டேன்.