எனக்கு மட்டும் தெரியாத தலைச்சுற்று

1. அந்தக் காலை

தவம் விழுந்தபோது நான் கீழே நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசி மாதக் குளிர். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் கம்பனியொன்றில் நான் சுப்பர்வைசர். எங்கள் லொறியின் பெட்டி அப்படியே விமானக் கதவின் உயரத்துக்கு மேலெழும். அதை ஹைலிஃப்ட் என்போம். பெட்டிக்கு முன்னால் ஒடுங்கிய தட்டு ஒன்று உண்டு. அதில் ஒருவர் நின்று, பெட்டிக்குள்ளிருந்து வரும் ட்ரொலிகளை வாங்கி விமானத்துக்குள் தள்ளவேண்டும். அன்றைக்கு அந்தத் தட்டில் நின்றவன் தவம். ட்ரொலி வந்தது, வாங்க ஆளில்லை.

தட்டின் பக்கக் கம்பி பூட்டப்படவில்லை. பூட்ட அரை நிமிடம் பிடிக்கும். அந்த அரை நிமிடத்தையும் மிச்சம் பிடிக்கலாம் என்று பழக்கியவன் நான்தான்.

உயிர் தப்பிவிட்டது. முதுகெலும்பு தப்பவில்லை. அவனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

2. இரண்டு பக்கத் தாள்

அதற்கு மூன்று கிழமைக்கு முன் கம்பனி எங்களை ஒரு தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பியது. ஹோட்டல் மண்டபம், நல்ல கோப்பி. வகுப்பு எடுத்த பெண் ஆளுக்கொரு தாள் தந்து, இடப்பக்கம் உங்கள் பலத்தை எழுதுங்கள், வலப்பக்கம் உங்கள் ஆட்களின் பலத்தை எழுதுங்கள் என்றார். விடை தெரிந்த பெடியன் போல மளமளவென்று எழுதினேன். என் பலம்: என் ஆட்கள் எனக்கு மறுப்புச் சொல்வதில்லை.

பொய்யில்லை. எனக்குக் கீழே ஆறு பேர், எல்லாரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். நாலு பேரை நானே கூட்டிவந்து, மனேஜரிடம் "இவைக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிச் சேர்த்துவிட்டேன். வேலையிடத்தில் எனக்குப் பெயரே கிடையாது, அண்ணை மட்டும்தான். வேலை எடுத்துத் தந்த அண்ணைக்கு யார் ஏலாது என்று சொல்வார்கள்?

வலப்பக்கத்தில் தவத்துக்கு வேகம் என்றும், வசந்திக்கு நிதானம் என்றும் எழுதினேன். அந்தப் பெண் தாளைப் பார்த்துவிட்டு, இதை அவர்களிடம் கேட்டீர்களா என்றார். கேட்கத் தேவையில்லை, அவர்களை எனக்கு உள்ளங்கை போலத் தெரியும் என்றேன். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்ததும் தாளில் எழுதியபடி ஆட்களை மாற்றினேன். அதுவரை தவம் பெட்டிக்குள் நிற்பான், வசந்தி முன்தட்டில் நிற்பாள். வேகமானவன் உள்ளே, நிதானமானவள் வெளியே. இதென்ன கூத்து என்று எனக்கே சிரிப்பு வந்தது.

"தவம், நாளையிலயிருந்து நீ முன்தட்டில நில். ஏலும்தானே?"

அவன் வசந்தியைப் பார்த்தான். அவள் தன் கையுறையைப் பார்த்தாள்.

"ஓம் அண்ணை."

அதை நான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நாட்களில் வேலை உண்மையாகவே கெதியாக முடிந்தது. மனேஜர் முதுகில் தட்டினார், நானும் உச்சி குளிர்ந்து போனேன்.

3. விசாரணை

விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி, ஆட்களில் யாராவது அந்த இடத்தில் நிற்க மறுத்தார்களா என்று கேட்டார். ஆபத்தான வேலையை மறுக்க இந்த நாட்டில் எல்லாருக்கும் உரிமை உண்டு. சாப்பாட்டறைச் சுவரில் பிரெஞ்சில் அது ஒட்டியும் கிடந்தது. ஒருத்தரும் மறுக்கவில்லை என்று பதில் சொன்னேன். எனக்குச் சாதகமான பதில் என்று நினைத்துத்தான் சொன்னேன். வெட்கக்கேடு.

அவர் போனபிறகு வசந்தி வந்தாள்.

"தவத்தாருக்குப் பிரஷர் குளிசை மாத்தினதில இருந்து தலைச்சுத்து அண்ணை. எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதுதான் நான் வெளியில நிண்டனான்."

"எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

அவள், போன வருடம் ஒருவர் முதுகு நோகிறது என்று சொன்னபோது நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னாள்: "வருத்தக்காரருக்கு வீட்டில கட்டில் இருக்கு, இந்த வேலைக்கு லைன்ல ஆள் நிக்குது."

பகிடியாகச் சொன்னது. அன்றைக்கு அவர்களும் சிரித்தார்கள். நான் மறந்துவிட்டேன், அவர்கள் மறக்கவில்லை.

ஒருவருடைய இயலாமையை மற்றவர் அறிந்து, எனக்குக் காரணம் தெரியாமல் இடம் மாறி நின்று, ஒரு விமானத்தையும் பிந்தவிடாமல் அந்த ஆறு பேரும் வேலையை ஓட்டியிருக்கிறார்கள். அதை என் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். அவர்களுடைய உண்மையான பலம் அதுதான். என் தாளில் அது எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒரு பேனையை வைத்துக்கொண்டு நான் அதை உடைத்துப்போட்டேன்.

4. லவால் வீடு

தவம் லவாலில் இருக்கிறான், சக்கர நாற்காலியில். நான் இருக்கும் ரொக்ஸ்பரோவில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பழங்கள் வாங்கிக்கொண்டு போவேன். என்னில் கோபமோ என்று கேட்டால், "இல்லை அண்ணை" என்பான். நான் வருவது கரைச்சலோ என்றால், "சீச்சீ, வாங்கோ அண்ணை." அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் போய்வந்தேன். எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது.

ஒருநாள் அவனுடைய மனைவி எனக்குப் பின்னாலேயே கார்வரை வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது, குடைகூட எடுக்கவில்லை.

"அண்ணை, இனி வராதேங்கோ. நீங்கள் வந்திட்டுப் போனா அவர் ரெண்டு நாளைக்குச் சாப்பிடுறேல்லை, சுவரைப் பாத்தபடி கிடக்கிறார். உங்களுக்கு நேர சொல்லமாட்டார். அதுதான் நான் சொல்லுறன்."

ஓம் என்றேன். அதோடு போவதை நிறுத்திவிட்டேன்.

பிறகும் நாலு வருடம் சுப்பர்வைசராக இருந்தேன். ஏலுமோ என்று கேட்பதை விட்டுவிட்டேன். இதில் என்ன பிழை வரும் என்று கேட்டு, ஒருவராவது வாய் திறக்கும்வரை நின்றேன். முதலில் திறந்தவள் வசந்தி. நான் போட்ட ஒழுங்கு சரிவராது என்று முகத்துக்கு நேரே சொன்னாள். சுருக்கென்றுதான் இருந்தது, ஆனாலும் அவள் சொன்னபடி மாற்றினேன்.

இனிப் பொறுப்புக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உங்கள் ஆட்களில் ஒருவர் உங்களிடம் ஏலாது என்று கடைசியாகச் சொன்னது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். நினைவுக்கு வராவிட்டால் பயப்படுங்கள்.

தவத்துக்கு என்னில் கோபமா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான்.