லுஹர் பாங்கில் வந்த பிழை

அஸ்ஸலாமு அலைக்கும். கல்முனையில் கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளிவாசலில் நான் மோதினாராக இருக்கிறேன். ஐந்து நேரமும் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வது என் வேலை. அதோடு பள்ளியைக் கூட்டுவது, தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் ஹவுழ்த் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்புவது, மரணம் நடந்த மையித்து வீட்டுக்கு உடலைத் தூக்கும் சந்தூக்கை எடுத்துக் கொடுப்பது, நோன்பு வந்தால் கஞ்சிக் கிடாரத்தைக் கழுவுவது எல்லாம் என் தலையில்தான். பள்ளி வளவுக்குள் ஒரு சிறிய வீடு தந்திருக்கிறார்கள். மனைவி பரீதாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் நானும் அதில்தான் இருக்கிறோம். அல்லாஹ் எனக்குச் செய்த ஓர் உதவியைச் சொல்ல வேண்டும். எழுதிப் பழக்கமில்லை, குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள் என்னோடு கதைப்பது ஏதாவது குறை வந்தால்தான். பைப்பில் தண்ணீர் வரவில்லை. மின்விசிறி சத்தம் போடுகிறது. யாரோ செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார், அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. தொடக்கத்தில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு வயிற்றெரிச்சல். கடைசியில் அதுவும் போய்விட்டது. மனது மரத்துப்போயிற்று. யாராவது ஏசினாலும் ஒன்றுதான், சலாம் சொன்னாலும் ஒன்றுதான்.

எங்கள் பகுதியில் குழாய்த் தண்ணீர் இரவில்தான் வேகமாக வரும். ஹவுழ் நிரம்பும்வரை விழித்திருந்து, கொஞ்சம் சரிந்துவிட்டு, விடியற்காலை சுபஹுக்கு முன்பு எழும்ப வேண்டும். பகலில் படுத்தால் யாராவது கதவைத் தட்டுவார்கள். பாங்கு இருப்பதால் ஊரை விட்டு எங்கும் போக முடியாது. பொத்துவிலில் இருக்கும் பரீதாவின் தங்கைக்குக் கலியாணம் நடந்தபோதுகூட அவள் பிள்ளைகளோடு தனியாகத்தான் போனாள். திரும்பி வந்து எல்லாக் கதையும் சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் உள்ளே இறங்கவில்லை.

"நீங்க கேக்கிறயே இல்ல. செவத்தோட கதைக்கிற மாதிரி இரிக்கி" என்றாள். அதற்கும் தலையாட்டினேன்.

ஒரு நாள் பின்நேர அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி காலியாக இருந்தது. கையை ஏந்தினேன். கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை. கண்ணீரும் வரவில்லை. "யா அல்லாஹ், எனக்கு ஒண்டும் விளங்குதில்ல. நீயே பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பள்ளியைக் கூட்டத் தும்புத்தடியைக் கையில் எடுத்தேன். அதைத் துஆ என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்தக் கிழமைக்குள்ளேயே அது நடந்தது. சுபஹ் பாங்கில் மட்டும் ஒரு வரி கூடுதலாக வரும், உறக்கத்தை விடத் தொழுகை மேலானது என்று. அதை நான் பட்டப்பகலில், லுஹர் பாங்கில், ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். சொன்னது எனக்கே தெரியாது. இறங்கி வந்தால் ஹவுழடியில் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அஸருக்குள் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் பரவிவிட்டது. "மோதினாருக்கு இப்பதான் விடிஞ்சிரிக்கி" என்று யாரோ எழுதியிருந்தார்கள். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இனி வீடும் போய்விடும், பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மட்டும் நினைத்தேன். துஆவுக்குக் கிடைத்த பதில் இதுதான் போலிருக்கிறது என்றும் நினைத்தேன்.

அந்தி மஃரிபுக்குப் பிறகு, பள்ளியை நடத்தும் நம்பிக்கையாளர் சபை கூடியது. என்னை வாசலடியில் நிற்க வைத்தார்கள். தலைவராகப் புதிதாக வந்திருந்தவர் ஊருக்கே அண்ணன் முறையான ஜெமீல் காக்கா, நெல் ஆலை ஒன்றில் மெனேஜர். உறுப்பினர் ஒருவர் சொன்னார், "ஊரே சிரிக்கிது காக்கா. வேற ஆளப் பாப்பம். வீட்டையும் வர்ற ஆளுக்குக் குடுக்கணும்." மற்றவர்கள் மறுக்கவில்லை.

ஜெமீல் காக்கா எழும்பி என் பக்கத்தில் வந்தார். "மோதினார், கடைசியா எப்ப நல்லா உறங்கின நீங்க?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியா காக்கா."

அவர் சபையைத் திரும்பிப் பார்த்தார். "எங்கட ஆலையில உறக்கமில்லாத மனிசன் ஒருத்தன்ட கை மெசினுக்குள்ள போன. லீவு குடுக்காம வெச்சிருந்த ஆள் நான்தான். பட்டப்பகல்ல உறக்கத்தப் பத்திச் சொல்ற மனிசனுக்கு உறக்கமில்ல. இது அவர்ட பிழ இல்ல, நம்மட பிழ."

"அப்ப பாங்கு ஆரு சொல்ற?"

"நான் சொல்றன்."

பிறகு என்னிடம், "ஒரு கிழமைக்கு இந்தப் பக்கம் வராதீங்க. பொண்டாட்டி புள்ளைகளோட எங்கயாவது போங்க" என்றார். தண்ணீர் யார் நிரப்புவது என்று கேட்டேன். "அது உங்கட வேல இல்ல, இப்ப" என்றார். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை.

ஜெமீல் காக்காவுக்கு அல்லாஹ் நல்ல மனதைக் கொடுத்தான், குரலை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். அந்தக் கிழமை முழுவதும் ஊர் அவரைப் பிடித்துத் தின்றதாம். "முறைப்பாட்டையெல்லாம் எனக்கிட்டச் சொல்லுங்க. மோதினார் வந்தாப் பொறகும் எனக்கிட்டயே சொல்லுங்க" என்றாராம்.

பொத்துவிலில் பரீதாவின் தங்கை வீட்டில் முதல் நாட்கள் உறக்கத்திலேயே போயின. பிறகு ஒரு பின்நேரம், முற்றத்தில் பிள்ளைகளோடு இருந்தபோது மஃரிப் பாங்கு கேட்டது. பதறி எழும்பிவிட்டேன். எழும்பிய பிறகுதான் அது என் வேலை இல்லை என்று புரிந்தது. மறுபடி உட்கார்ந்தேன்.

பாங்கு கேட்பவர் அதன் வரிகளைத் தானும் சொல்ல வேண்டும். தொழுகைக்கு வாருங்கள் என்று வரும் இடத்தில் மட்டும், அல்லாஹ்வைக் கொண்டே தவிர எனக்கு ஒரு பலமும் இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். எத்தனையோ வருடமாக ஊரைக் கூப்பிட்டவன் நான். முகம் தெரியாத ஒரு மோதினார் இப்போது என்னைக் கூப்பிடுகிறார். பதில் சொல்ல வாயெடுத்தேன். அழுதுவிட்டேன். பிள்ளைகள் பார்க்கப் பார்க்க, அடக்க முடியாமல் அழுதேன்.

பரீதா ஓடி வந்தாள். "என்ன, நெஞ்சு நோகுதா?"

"ஓம், நோகுது" என்றேன். அல்ஹம்துலில்லாஹ், நோவு தெரிந்தது.

இப்போது வாரத்தில் ஒரு நாள் எனக்கு லீவு. ஹவுழுக்குத் தானாக நிற்கும் மோட்டர் பூட்டியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் சில நாட்கள் வெறுமையாகத்தான் போகின்றன, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பரீதா கதைத்தால் கேட்கிறேன். சுபஹ் முடிந்ததும் ஜெமீல் காக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்.

உங்கள் கையின் கீழ் யாராவது வேலை செய்தால், அவர் பிழை விடும் நாளில் ஏசுவதற்கு முன்பு உறங்கினாரா என்று கேளுங்கள். மனம் காய்ந்து கிடப்பவர்களே, நீங்கள் சொல் வராவிட்டாலும் கையை ஏந்துங்கள். நான் அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. எனக்கு என்ன தேவை என்று எனக்கே தெரியாமல்தான் கேட்டேன். அவனுக்குத் தெரிந்திருந்தது.