நான் பிறந்த காகிதத்தைக் கேட்டது

பிள்ளைகளே, நீங்கள் இருவரும் ஆயா என்று கூப்பிடுகிற என் அம்மா என்னைப் பெற்றவர் இல்லை. சென்னையில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து என்னைக் கைக்குழந்தையாக எடுத்து வந்து வடக்குப்பட்டில் வளர்த்தார். எனக்குப் பதினாலு வயதானபோது அவரே சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. உங்களிடமும் நான் சொன்னதில்லை.

கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் வருடா வருடம் கேட்பார்கள், அப்பாவுக்கு சுகர் உண்டா, அம்மாவுக்கு பி.பி. உண்டா என்று. வளர்த்தவர்களுக்கு இருந்ததையே எழுதி வந்தேன். போன முறை என் இதயத் துடிப்பு சரியில்லை என்றார் டாக்டர். "இது பரம்பரையா வரலாம். பசங்களுக்கும் பாக்கணும்." அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது.

வயது வந்த தத்துப்பிள்ளை தன் பதிவைத் தானே கேட்கலாம், அது உரிமை என்று பேப்பரில் படித்திருந்தேன். ஒரு லீவு நாளில், ஓ.டி. வேலை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, இல்லத்துக்குப் போய் மனு கொடுத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். கம்பெனிக்குள் போன் கூடாது, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் ஸ்கூல், பேங்க், கேஸ் சிலிண்டர் எதுவானாலும் அம்மாவிடம் இருக்கும் போன் நம்பரைத்தான் எழுதுவேன். மனுவிலும் பழக்கத்தில் அதையே எழுதிவிட்டேன். பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியபோதுதான் உறைத்தது. மறுநாள் இல்லத்துக்குப் பல தடவை போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை.

அடுத்த பத்து நாளும் ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் முதலில் அம்மா முகத்தைத்தான் பார்ப்பேன். அம்மா கூப்பிடுவாரோ என்று போனைக் கையிலேயே வைத்திருந்த என்னைக் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கிண்டல் செய்தார். "இன்னாபா, மொத புள்ள பொறக்கப் போறவன் மாதிரி போனையே பாத்துக்கினு கீற?"

பதினோராம் நாள் அம்மா பின்பக்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"போன் வந்துச்சுடா. உன் காகிதம் கெடச்சிடுச்சாம். வியாழக்கெழம வரச் சொன்னாங்க."

"டாக்டர் கேட்டாரும்மா, அதான்..."

"டாக்டர் கேட்டா எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? கடிச்சா துன்னுடுவேன்?" மீனைத் திருப்பிப் போட்டார். ஆய்ந்த பக்கத்தையே மறுபடி ஆய்ந்தார். "அந்தப் பொம்பள உசுரோட கீதான்னு கேட்டேன். போன்ல சொல்லமாட்டோம்னுட்டாங்க. கண்டுபுடிச்சா அங்கியே போயிடுவியா?"

"இல்லம்மா."

"போயேன். நாப்பது வயசுக்கு மேல உன்ன எவ வெச்சி சோறு போடுவான்னு நானும் பாக்கறேன். நிக்காத, பூனைய வெரட்டு."

வியாழக்கிழமை அவரும் கூடவே வந்தார். ஆபீசுக்குள் வரமாட்டேன் என்று வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருந்த இல்லத்து மேடம் ஒரே ஒரு தாளின் நகலைக் கொடுத்தார். "உங்களைப் பத்தினது உங்க உரிமை. பெத்தவங்க பேரும் விலாசமும் அவங்க சம்மதிச்சாத்தான் தர முடியும். தேடிக் கேக்கறோம்." குறைமாதத்தில் பிறந்தவன், எடை ஒன்றே முக்கால் கிலோ என்று இருந்தது. நோய் பற்றி ஒரு வரி இல்லை. வெளியே வந்து அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். "இவ்ளோதானா," என்றார். வழியெல்லாம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

சம்மதம் வருமா என்று தெரியாது. என்னைப் பெற்ற அந்த அம்மா செத்துப்போயிருந்தால்? இதய நோயால் என்று சொன்னால்? போன் அடித்தால் இப்போதும் ஓடிப்போய் எடுக்கிறேன். பதில் வரும்வரை காத்திருக்காமல் உங்கள் இருவரையும் டாக்டரிடம் காட்டப் போகிறேன். ஏன் என்று கேட்பீர்கள் என்றுதான் இதை எழுதினேன்.

எனக்குக் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை. அங்கே போல்ட்டை எண்ணுவதில்லை, நிறுத்துத்தான் கொடுப்போம். அந்தத் தாளை வாங்கி வந்த மறுநாள் எல்லோரும் டீக்குப் போன நேரத்தில் ஒரு கவரில் போல்ட்டை அள்ளிப் போட்டு, தராசு ஒன்றே முக்கால் கிலோ காட்டியதும் நிறுத்தினேன். அதை இரண்டு கையாலும் தூக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு போல்ட்டையெல்லாம் பெட்டியில் கொட்டினேன்.