அடியில் உட்கார்ந்த உறைமோர்

அத்தான் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். எழுபதுகளில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் கூடி வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமனும் கப்பல்காரர்தான். அவர் புன்னைக்காயலில் நாலு பேர் முன்னால் வைத்து அத்தானிடம், "சமையலா பாத்தீரு? வெங்காயம் உரிச்சீருன்னுல்லா கேள்வி" என்று சொல்லிவிட்டார்.

அத்தானுக்குப் பொறுக்கவில்லை. நிச்சயதார்த்தப் பந்தியில் என் கையால் செய்த சீஸ் வைப்பேன், வைக்க முடியாவிட்டால் அந்த மனுசன் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று கிளம்பிவிட்டார்.

அக்காவின் மில்லர்புரம் வீட்டுக் குசினியில் வேலை தொடங்கியது. வெளிநாட்டில் பார்த்த மாதிரி பாலைக் கொதிக்க விடக்கூடாது, கை பொறுக்கிற சூடு போதும் என்றார். உறைமோர் மட்டும் அக்காவுடையது. எங்கள் தெருவில் பாதி வீட்டுத் தயிர் அக்காவிடம் உறை வாங்கிப் போனதுதான்.

ராத்திரி உறை ஊற்றி மூடியதைக் காலையில் திறந்தால் அடியில் சேறு மாதிரி புளித்த படிவு. மேலே வெறும் பால், புளிப்பே ஏறவில்லை. மறுபடி செய்தும் அதே கூத்து. "ஒன் உறை செத்துப் போச்சு ஏளா" என்றார் அத்தான். அக்காவுக்கு வந்ததே கோபம். அதே கேன் பாலைக் காய்ச்சி, அதே உறை ஊற்றிய தயிர்ச் சட்டியை அவர் மூக்குக்கு நேரே சாய்த்துக் காட்டினாள். தயிர் அசையவில்லை.

பக்கத்து வீட்டம்மாவுக்கு முத்துச்சிப்பிக் குஞ்சுகளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற உத்தியோகம். இரண்டிலும் கொஞ்சம் எடுத்துப் போனார். திரும்பி வந்து அவர் சொன்னது எனக்குக் கதை கேட்ட மாதிரி இருந்தது. அக்காவின் தயிரில் பாலைப் புளிக்க வைக்கிற கிருமிகள் சின்னச் சின்னச் சரமாகப் பரவிக் கிடக்கின்றனவாம். அத்தானின் பாலிலோ ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாக. கட்டி கனத்தால் அடிக்கு இறங்கிவிடும், அங்கேயே புளிக்க வைக்கும், மேல்பால் தப்பிக்கும். புதிதாய் ஈன்ற மாட்டுப் பாலா என்று கேட்டார்.

பால்கார அண்ணாச்சியை விசாரித்தோம். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "விசேச வீட்டுக்கு வெறும் பாலையா ஊத்துவேன்? ஒரு செம்பு சீம்பாலும் கலந்துல்லா ஊத்துதேன்."

கன்றைக் காப்பாற்றச் சீம்பாலில் ஏதோ சத்து இருக்கிறது. அது கிருமியைக் கண்டால் நல்லது கெட்டது பார்க்காமல் பிடித்து ஒட்டிவிடும், கொதித்தால் அடங்கிவிடும் என்று அந்தம்மா விளக்கினார். அக்காவின் சட்டி தப்பியது அப்படித்தான்.

"ஹார்பர்ல சீட்டாடுத கூட்டம் மாதிரி மொத்தமா கீழ உக்காந்துட்டா வேலை எப்படி நடக்கும்?" என்றாள் அக்கா.

அத்தான் சீம்பால் கலக்காத பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சினார். ஆறவைத்து உறை ஊற்றினார். மேலும் கீழும் ஒன்றுபோல் உறைந்தது. துணியில் கட்டித் தொங்கவிட்டு, உப்புப் பிசறி அழுத்தி வைத்தார்.

பந்தியில் தாய்மாமன் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். அத்தான் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றார்.

"எல்லாம் சரிதான் சம்மந்தி. இதுல வெங்காயம் இல்லியே."

அத்தான் குசினிக்குப் போய் ஒரு வெங்காயம் கொண்டுவந்தார். அவர் முன்னாலேயே உரித்து இலையில் வைத்தார். "ரெண்டும் இந்தக் கைதான்."

பந்தியே சிரித்தது. தாய்மாமனும் சிரித்துக்கொண்டே வெங்காயத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, சீஸ் தட்டை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.