டீசல் பைப்பும் அண்ணன் சொன்ன பொய்யும்

போன சனிக்கிழமை. ஐந்து நாள் அலுவலகக் கோப்புகளோடு மல்லுக்கட்டிய உடம்புக்கு ஒரு காலை நித்திரையாவது கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். விடிந்தும் விடியாமலும் போன் அடித்தது. அண்ணன்.

"மெசின் நிண்டுட்டுது. பரமேஸ் அக்காவின்ரை வயலடிக்கு வா."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

மெசின் என்றால் எங்கள் பழைய உழவு இயந்திரம். என்னைவிட வயது கூடியது. அளவெட்டிப் பக்கத்து வயல்களை அண்ணன் அதை வைத்துத்தான் கூலிக்கு உழுகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்துப் பல்கலைக்கழகமும் போன முதல் ஆள் நான். அந்தப் படிப்புக்குப் படியளந்ததும் அதே மெசின். அது கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

போனேன். பரமேஸ் அக்காவின் வயல் ஆறு பரப்பு, அரை ஏக்கரும் வராது. கணவர் இல்லை. அக்காவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வருசச் சோறு அந்தத் துண்டில்தான். மழைக்கு முன் காய்ந்த மண்ணை உழுது, விதைத்து, மூடிவிட வேண்டும். மழை விழுந்த பிறகு அந்தச் சேற்றில் மெசின் இறங்காது. விதைப்புப் பிந்தினால் இளம்பயிர் வெள்ளத்துக்குள் நிற்கும்.

அக்கா வரம்பில், விதைநெல் மூட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். வானத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"மெக்கானிக் என்னவாம்?" என்றேன்.

"பின்னேரம் வாறானாம்."

எந்தப் பின்னேரம் என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

தாங்கியிலிருந்து டீசல் வரும் பைப் ஒழுகியது. சொட்டுச் சொட்டாகத்தான். சொட்டினால் போகட்டும் என்று விடலாம். ஆனால் எஞ்சின் ஓடும்போது அதே வெடிப்பால் காற்றை உள்ளே இழுத்துவிடும். இரண்டு சால் உழும். இருமும். நிற்கும். குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றி மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும். மறுபடி இரண்டு சால்.

பைப்பைத் தடவிப் பார்த்தேன். மேலே கட்டுக்கம்பி. அதன் கீழ் சைக்கிள் டியூப். அதன் கீழ் உடுப்புத் தோய்க்கும் சவுக்காரம் பூசிய சீலை. அதற்கும் கீழே இன்னொரு டியூப்.

"உது எப்ப சுத்தினது அண்ணை?"

"அது இப்போதைக்கெண்டு சுத்தினது."

"அதுக்குக் கீழை கிடக்கிறது?"

"அதுவும் இப்போதைக்குத்தான்."

உங்கள் வீட்டிலும் பாருங்கள். இப்போதைக்கு என்று கட்டியவைதான் எல்லாவற்றையும்விட அதிக காலம் நிற்கும். சண்டையில் ஒன்றும் கிடைக்காத காலத்தில் சவுக்காரமும் டியூபும் நம்மைக் காப்பாற்றின, உண்மை. கடையில் எல்லாம் கிடைக்கிற காலத்திலும் கை ஏன் முதலில் சவுக்காரத்தைத் தேடுகிறது?

மோட்டார் சைக்கிளில் போய்ப் புதுப் பைப்பும் இரண்டு கிளிப்பும் வாங்கி வந்தேன். மெசினுக்கு அடியில் படுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒழுங்கையால் போன சைக்கிள்களெல்லாம் நின்றன. ஒரு கால் பெடலில், ஒரு கால் நிலத்தில்.

"காத்துப் பிடிச்சிட்டுதோ? பில்டரை மாத்துங்கோ." போய்விட்டார்.

"டீசலுக்குள்ளை தண்ணி. நான் அப்பவே சொன்னனான்." எப்போது? யாருக்கு? அவரும் போய்விட்டார்.

மூன்றாமவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "என்ன, கம்பஸ் முடிச்ச ஆளும் டீசலுக்குள்ளையோ?"

"ஓம் அண்ணை. இதிலை ஒருக்கால் பிடிக்கிறியளோ?"

"ஐயோ, எனக்கு அலுவல் கிடக்கு."

பழைய கட்டுகளை வெட்டி எறிந்தோம். துருப்பிடித்த முனையை அரத்தால் உரசி, புதுப் பைப்பை ஏற்றி, கிளிப்பை முறுக்கினேன். பில்டரின் திருகைத் தளர்த்த, அண்ணன் கைப்பம்பை அடித்தார். முதலில் நுரை. பிறகு குமிழி. கடைசியில் சுத்தமான டீசல். என் சேட்டிலும்தான், கண்ணிமையிலும்தான்.

எஞ்சின் பிடித்தது. இருமவில்லை. நிற்கவில்லை. கிழக்கே வானம் கறுத்திருந்தது.

அப்போது அண்ணனின் போன் அடித்தது. "முதலாளி," என்றார்.

அவர் ஒரு கடைக்காரர். இருபது பரப்பு வயல் வைத்திருக்கிறார். ஒவ்வொரு போகமும் அண்ணனைத்தான் கூப்பிடுவார். எதற்கு அடிக்கிறார் என்று எல்லோருக்கும் விளங்கியது. பரமேஸ் அக்கா மூட்டையைப் பார்த்தபடி அண்ணனிடம் சொன்னார்.

"நீ போ குணம். அது பெரிய காணி. என்ரை துண்டைப் பிறகு பாப்பம்."

"பிறகு மழை விழுந்தால் ஆர் இறங்குறது? நீங்களோ மண்வெட்டியோடை?"

சொல்லிக்கொண்டே அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். காலை முழுக்கப் பாடுபட்டு ஓட வைத்த எஞ்சின்! அவர் கையெல்லாம் எண்ணெய் என்பதால், என் கையைத் துடைத்துக்கொண்டு போனை நான்தான் அவர் காதில் பிடித்தேன். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது.

"எங்கை நிக்கிறாய்? மழை வரப்போகுது. உடனை வா."

"மெசின் பழுது முதலாளி. பைப் ஒழுகுது."

"எப்ப சரிவரும்?"

"மெக்கானிக் பின்னேரம் வாறானாம்."

"அப்ப நான் வேறை மெசினைப் பிடிக்கிறன்."

காலையில் சொல்லியிருந்தால் அத்தனையும் உண்மை. எஞ்சினை ஏன் நிறுத்தினார் என்று அப்போதுதான் விளங்கியது.

ஸ்டார்ட் பண்ண அண்ணன் திறப்பைத் திருப்பினார். உறுமல் மட்டும். மறுபடி திருப்பினார். அக்கா எழுந்து நின்றார். நான் பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தரம் பிடித்தது. ஒரு பொய் சொல்வதற்கும் கையில் நல்ல எஞ்சின் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் உழுது, விதைத்து, மூடியாயிற்று.

மழை? அந்த மேகம் கீரிமலைப் பக்கமாகப் போய்க் கடலில் இறங்கிவிட்டது. எங்களுக்கு ஒரு துளி இல்லை. முதலாளியின் வயலை வேறொரு மெசின் அவசரமில்லாமல் ஆறுதலாக உழுது முடித்தது. பொய்யும் நிற்கவில்லை, அத்தனை சைக்கிள்கள் போன ஒழுங்கை அல்லவா? மறுநாள் கோயிலடியில் முதலாளி அண்ணனைப் பிடித்தார்.

"பழுதான மெசின் வடிவா உழுததாமே?"

"ஓம் முதலாளி."

"இனி நீ அந்த ஆறு பரப்பையே உழு."

அண்ணன் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார். கவலையோ என்று கேட்டேன். "அலுப்பாக் கிடக்கு," என்றார். எனக்கும்தான்.

இப்போது இரண்டு வயல்களிலும் நெல் காய்ந்த மண்ணுக்குள் கிடக்கிறது. மழை இன்னும் பிந்தினால் எறும்பும் குருவியும் பங்கு கேட்கும். பரமேஸ் அக்காவும் முதலாளியும் ஒரே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வருகிற மழை அந்த இருபது பரப்பிலும் சேர்த்துத்தான் பெய்யும்... பெய்யட்டும்.