கபடிக் குழுவின் ஒருநாள் ரவுடிகள்

குற்றவாளிகளைக் காட்டினால்தான் அரசு மானியம் தொடரும் என்று நம்பிய முட்டாள் நான்தான். பரமத்தி வேலூர்ப் பக்கம் நான் நடத்தும் கபடிக் குழுவுக்கு, இளவட்டங்கள் தப்பு வழியில் போகாமலிருக்க அந்த மானியம் வருகிறது. அதில்தான் விரிப்பும் விளக்குகளும் வாங்கினோம்.

மானிய ஆய்வுக்கு அதிகாரியம்மா வருகிறார் என்றதும் பழைய புகார்களைத் தேடிப் பார்த்தேன். இரண்டு வருடமாக எந்தப் பையன் மீதும் ஒரு புகார்கூட இல்லை. பிரச்சினையே இல்லாத ஊருக்குப் பணம் எதற்கு என்று நிறுத்திவிட்டால்?

"இன்னைக்கு மட்டும் ரவுடியாட்டம் நில்லுங்கடா" என்று பையன்களைக் கெஞ்சினேன். காலரைத் தூக்கிவிட்டு முறைத்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரியம்மா ஜீப்பை விட்டு இறங்கியதுதான் தாமதம், முன்வரிசை ரவுடி கார்த்தி ஓடிப்போய் நாற்காலி போட்டான்.

"உக்காருங்க மேடம். நான் ரொம்ப மோசமான ரவுடிங்க. மோர் குடிக்கறீங்களா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். "ஏனுங்க, இது யாரோட யோசனை?"

அத்தனை விரல்களும் என்னைக் காட்டின. வேர்வையில் குளித்தபடி உண்மையைக் கொட்டினேன். இந்தப் பையன்களைவிட என் பயத்தை நம்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"பசங்க கெட்டுப்போகலைன்னாத்தானுங்க பணம் வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்றார், மோரைக் குடித்தபடி.

மானியம் தொடர்ந்தது. நடந்ததற்கு எழுத்தில் விளக்கம் கொடுத்தவன் நான் ஒருவன் மட்டும்தான்.